கோபுரம் ஏறிய தூண்டில்

மன்னார் வளைகுடாவில் கடல்விரால் என்று சொல்லப்படும் மீனைத்தான் அமெரிக்கர்கள் கோபியா என்கிறார்கள். 1766-இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் இட்டதும் அமெரிக்காவின் கரோலைனா கரையிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். நம் கரையில் அது மற்ற மீன்களோடு சேர்ந்து அகப்படும். அங்கே அதற்கென்றே தனிப் பருவம், தனிப் படகு, தனித் தூண்டில் எல்லாம் உண்டு. அந்த வேட்டையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரையில் போய் நிற்கும்: உயிர் விலாங்கா, நண்டா, ஈயத்தலையில் மயிர் கட்டிய போலி இரையா? ஆனால் அதன் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், இரை அதிகம் மாறவில்லை என்பது தெரியும். மனிதன் எங்கே நின்று கடலைப் பார்க்கிறான் என்பதுதான் மாறியது. அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்த மீனுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் விரிகுடாவுக்குள் கடல்விரால் மே கடைசியில் நுழையும். கோடையில் அங்கே இனப்பெருக்கம் செய்துவிட்டு, இலையுதிர் காலம் தொடங்கும்போது வெளியேறும். பழைய முறையில் மணல்திட்டின் ஓரமாக நங்கூரம் இடுவார்கள். மத்தி இனத்தைச் சேர்ந்த மென்ஹேடன் மீனை அரைத்து நீரோட்டத்தில் கரைத்துவிட்டு, விலாங்கையோ வெட்டிய மீன்துண்டையோ அடியில் போட்டுக் காத்திருப்பார்கள். நண்டு தின்னும் மீன் அடியில் மோப்பம் பிடித்து வரும் என்ற கணக்கு அது. இதில் தேடுவது மீனின் வேலை, பொறுப்பது மனிதனின் வேலை. ஆனால் கடல்விராலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மிதவை, பாலத்தூண், திருக்கை, ஆமை என எதன் நிழலையாவது ஒட்டி மேல்மட்டத்தில் திரியும். 1964-இல் செசபீக் வாயின் குறுக்கே பாலமும் சுரங்கமுமாகச் சாலை திறக்கப்பட்டதும் அதன் தூண்கள் மீன்பிடிக்கும் இடங்களாயின. லூசியானா கரைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளுக்காக எழுந்த மேடைகளின் கதையும் இதுவே. மீன் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு காத்திருக்கும் தேவை குறைந்தது.

இதன் அடுத்த படியைப் புளோரிடாவின் வடமேற்குக் கரை ஏறியது. அங்கே வசந்த காலத்தில் கடல்விரால் கரையை ஒட்டியே மேற்கு நோக்கிப் போகும். டெஸ்டின், பென்சகோலா பகுதிப் படகோட்டிகள் படகின் மேல் உயரமான கோபுரம் அமைத்து, அங்கிருந்தே சுக்கானையும் பிடித்துக்கொண்டு, சூரியனை முதுகுப்புறம் வைத்துத் தேடத் தொடங்கினார்கள். படகுத் தளத்தில் நிற்பவன் நீரைச் சாய்வாகப் பார்க்கிறான். அவன் கண்ணில் படுவது பெரும்பாலும் வானத்தின் பிரதிபலிப்பு. மேலே ஏற ஏறப் பார்வை செங்குத்தாகி நீருக்குள் இறங்குகிறது. எட்வின் லேண்ட் 1929-இல் உருவாக்கிய முனைவாக்கத் தாள் பின்னர் குளிர்கண்ணாடியாகி, மிச்சமிருந்த கூச்சத்தையும் குறைத்தது. செசபீக்கில் இந்தக் கோபுரப் படகுகள் இந்த நூற்றாண்டில்தான் பரவலாயின.

போலி இரைகள் முன்னேறியதை மறக்கலாமா என்று கேட்கலாம். மறக்க வேண்டியதில்லை. ஆனால் மான்வால் மயிர் கட்டிய கனமான ஈயத்தலைத் தூண்டில் எதற்குப் பயன்படுகிறது? கண்ணில் பட்ட மீனுக்கு முன்னால், தொலைவிலிருந்து, குறி தவறாமல் வீசுவதற்கு. நிறத்தால் மீன் கவரப்படலாம். ஆனால் அந்தத் தூண்டிலுக்கு வேலை கொடுத்தது பார்வைதான். முகம் திருப்பிய மீனுக்கு இரண்டாவதாக வீசும் உயிர் விலாங்கும் அப்படியே. பழைய இரை புதிய ஆணைக்குக் கீழ்ப்படிகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு கனமானது. பிடிப்பு கூடியதற்கு மீன் பெருகியதோ கடல் வெப்பமானதோ காரணமாக இருக்கலாமே? 2015-இல் ஜார்ஜியா முதல் நியூயார்க் வரையான கடலில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு ஒதுக்கிய அளவு 6,30,000 பவுண்டு. பிடித்ததாக மதிப்பிடப்பட்டது 15 லட்சம் பவுண்டுக்கும் மேல். மாதிரிக் கணக்கெடுப்பில் வந்த மதிப்பீடு என்பதால் அந்த எண்ணை ஐயுறவும் இடமுண்டு. 2020-இல் வந்த ஆய்வு, அந்த அட்லாண்டிக் கூட்டம் அழிவுநிலையில் இல்லை என்றது; அதே காலத்தில் மெக்சிகோ வளைகுடாக் கூட்டம் அளவு மீறிப் பிடிக்கப்படுவதாக இன்னொரு மதிப்பீடு சொன்னது. ஆகவே கோபுரம் மீனை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மீன் பெருகினாலும் குறைந்தாலும், இருப்பதைக் கண்டெடுக்கும் வேகத்தைக் கோபுரம் கூட்டிவிட்டது என்பதே என் வாதம். நல்ல ஆண்டில் ஒதுக்கீடு மளமளவென்று தீரவும், மோசமான ஆண்டில் எஞ்சிய மீனும் தப்பாமல் போகவும் அந்த ஒரே வேகம் போதும்.

கட்டுப்பாடுகள் இந்த உண்மையைச் சுற்றுவழியில்தான் எட்டின. 2016 ஜூன் 20-இல் நடுவண் அரசு தன் கடற்பகுதியில் பிடிப்பை நிறுத்தியது. ஆனால் வர்ஜீனியாக்காரர்கள் பெரும்பாலும் பிடிப்பது விரிகுடாவுக்குள், மாநிலத்தின் நீரில். அங்கே அந்தத் தடை செல்லாது. 2017-இல் அட்லாண்டிக் மாநிலங்களின் ஆணையம் பொதுத்திட்டம் வகுத்தது. 2019-இல் நடுவண் அரசு பொறுப்பிலிருந்து விலகியது. அந்தத் திட்டத்தில் ஆளுக்கு ஒரு மீன் என்பதோடு, படகுக்கு ஆறு மீனுக்கு மேல் கூடாது என்றும் வரம்பு இருந்தது. இரண்டாவது வரம்புதான் முக்கியமானது. கோபுரத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னால் கீழே இருக்கும் எல்லோருக்கும் மீன் கிடைக்கும்போது, தூண்டில்களை எண்ணுவதில் பொருளில்லை. பிடிப்பவர் இப்போது தனி ஆள் அல்ல, படகு. இரையின் வகையையும் முள்ளின் அளவையும் வைத்து மீன்பிடிப்பின் வலிமையை அளக்கிறவர்கள், அந்தப் படகில் ஏறி எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.