சென்னை யூதர் கல்லறைத் தோட்டம்

சென்னை யூதர் கல்லறைத் தோட்டம், லாயிட்ஸ் சாலை (இன்று அவ்வை சண்முகம் சாலை) பகுதியில் உள்ள சிறிய இடுகாடு. 17ஆம் நூற்றாண்டில் பெத்தநாயக்கன்பேட்டையில் தோன்றிய இது, பின்னர் இருமுறை இடம் மாறியது.

தோற்றம்

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மத விசாரணைக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் குடியேறிய யூத வணிகர் சிலர், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியுடன் சென்னைக்கு வந்தனர். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் லிவோர்னோ, லண்டன் வழியாக இங்கு வந்திறங்கும். அதை விற்ற பணத்தில் கோல்கொண்டா வைரம் வாங்கி லண்டனுக்கு அனுப்புவார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு இந்த வணிகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர்களுள் ஒருவரான ஜேம் டி பைவா, 1687இல் கோல்கொண்டா சுரங்கங்களுக்குச் சென்று திரும்பியபின் இறந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில், இன்றைய தங்கசாலைத் தெருவின் வடபகுதியில் இருந்த யூதர் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். மறு ஆண்டு அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மன்களில் (மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில்) மூவர் யூதர். அவர்களில் பர்த்தலோமியோ ரொட்ரிகஸ் 1692இல் சென்னையிலேயே காலமானார். ஆளுநர் தாமஸ் பிட்டுக்கு வைரம் பற்றி ஆலோசனை கூறிய ஐசக் அபெந்தானா 1709இல் மறைந்தார்.

இடமாற்றங்கள்

18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கத் தொடங்கியதும் கோல்கொண்டா வணிகம் தளர்ந்தது. பெரும்பாலும் வணிகத்துக்காகவே வந்தவர்கள் என்பதால் யூதர்களின் எண்ணிக்கையும் குறைந்துபோனது. அடக்கம் செய்யப்பட்டவரை அப்புறப்படுத்தக் கூடாது என்பது யூத மரபு. ஆனால் நெரிசல் மிகுந்த நகரில், உரிமை கோர ஆளில்லாத இடுகாடு நிலத்தேவைக்கு எளிதில் இரையானது. தங்கசாலைத் தெரு நிலத்தில் மாநகராட்சிப் பள்ளி எழுந்தது. கல்லறைக் கற்கள் காசிமேட்டுக்குச் சென்றன. துறைமுக விரிவாக்கத்துக்கு அந்த இடமும் தேவைப்படவே, 1983இல் அவை லாயிட்ஸ் சாலைக்கு வந்தன.

இன்றைய நிலை

சீனர், பஹாய் சமயத்தார் ஆகியோரின் இடுகாடுகளை அடுத்துள்ள இத்தோட்டத்தில் இருபதுக்கும் குறைவான கல்லறைகளே உள்ளன. சென்னையில் யூதர் வாழ்ந்ததற்குக் கண்ணால் காணத்தக்க சான்றுகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது இதுவே.