பரப்பும் பருமனும்: குருத்தெலும்புச் சீரமைப்பில் பாக்டீரியா எதிர்ப்பு ஹைட்ரோஜெல்லின் வரலாறு

உடலில் பொருத்தப்படும் செயற்கைப் பொருள்களில் தொற்று ஏன் வேரூன்றுகிறது? இதற்கு ஆண்டனி கிரிஸ்டினா 1987-இல் 'சயன்ஸ்' இதழில் சொன்ன விடை இத்துறையின் பாலபாடமாகிவிட்டது. பொருளின் மேற்பரப்பைப் பிடிக்க உடற்செல்களும் பாக்டீரியாவும் பந்தயத்தில் இறங்குகின்றன. செல்கள் முந்தினால் பொருள் திசுவோடு இணையும். பாக்டீரியா முந்தினால் படலம் கட்டிக்கொண்டு மருந்துக்கு அடங்காது. உலோக இடுப்பு மூட்டுக்கும் செயற்கை இரத்தக்குழாய்க்கும் இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. குருத்தெலும்புக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம்.

செல் ஒரு பரப்பில் ஒட்டிப் பரவினால் அது வெற்றி என்பது அந்த விளக்கத்தின் முன்னனுமானம். எலும்புச் செல்லுக்கும் நார்த்திசுச் செல்லுக்கும் அது சரி. குருத்தெலும்புச் செல்லின் இயல்போ வேறு. கிரிஸ்டினாவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982-இல், பென்யாவும் ஷாஃபரும் 'செல்' இதழில் இதைக் காட்டியிருந்தார்கள். முயலின் மூட்டுக் குருத்தெலும்புச் செல்களைத் தட்டில் வளர்த்தபோது அவை தட்டையாகிப் பரவின. குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டு முதல் வகைக்கு மாறின. அவற்றையே அகரோஸ் கூழ்மத்துக்குள் இட்டபோது உருண்டை வடிவத்தோடு பழைய சுரப்பும் திரும்பியது. ஆக, மேற்பரப்பைப் பிடித்துப் பரவும் குருத்தெலும்புச் செல் நாளடைவில் தன் இயல்பையே இழக்கிறது. கிரிஸ்டினாவின் பந்தயத்தில் அது வென்றாலும் நோயாளிக்குக் கிடைப்பது நார்த் தழும்புதான். இதில் கிரிஸ்டினாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அக்கறை ஹைட்ரோஜெல் என்ற கூழ்மம் பற்றியதல்ல. அவர் வரைந்த எல்லைக்கு வெளியே அந்த விளக்கத்தைக் கொண்டுபோனவர்கள் பின்வந்தவர்கள்.

அவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஒரு சான்று. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ஷ்னைடர், டாரின் போச்சன் குழுவினர் உருவாக்கிய மேக்ஸ்1 என்ற பெப்டைடு ஹைட்ரோஜெல், வெளியிலிருந்து எந்த மருந்தும் சேர்க்காமலேயே பாக்டீரியாவைக் கொல்கிறது என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. திசு மீளுருவாக்கத்துக்கான தாங்குசட்டகமாகவே அது வடிவமைக்கப்பட்டது. சோதனையில் இட்ட பாக்டீரியாவின் அளவு 2,000 காலனி அலகு முதல் 200 கோடி வரை. எதற்கு இத்தனை? ஒரு சதுர டெசிமீட்டருக்கு. முப்பரிமாணக் கூழ்மம் ஒன்றை உலோகத் தகடுபோலப் பரப்பால் அளந்திருக்கிறார்கள். கூழ்மத்தைத் தொட்ட பாக்டீரியாவின் சவ்வு சிதைந்து இறந்தது; மனிதச் சிவப்பணுக்கள் சிதையவில்லை. முடிவு செம்மையானது, முறையிலும் பிழையில்லை. ஆனால் அந்த ஓர் அலகில் 1987-இன் பிடி அப்படியே தெரிகிறது. குருத்தெலும்பைச் சீரமைப்பவருக்கு வேண்டிய விடை, கூழ்மத்தின் உள்ளே, செல்கள் கிடக்கும் பருமனில் என்ன நடக்கிறது என்பது.

அடுத்தது மின்னூட்டம். மேக்ஸ்1-உம், அதைப் போன்ற பல கூழ்மங்களும் நேர்மின்னூட்டத்தால்தான் பாக்டீரியாச் சவ்வைத் தாக்குகின்றன. குருத்தெலும்பின் தளமோ சல்பேட்டு, கார்பாக்சில் தொகுதிகள் நிறைந்து எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின் மூலக்கூறுகள் அதில் போய்த் தங்கும். இங்கே சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே அழுத்திச் சொல்கிறேன். மூட்டு அகநோக்கிச் சிகிச்சையின்போது கழுவுநீருக்குப் பதிலாகக் குளோர்ஹெக்சிடின் தவறுதலாகச் செலுத்தப்பட்டு முழங்கால் குருத்தெலும்பு கரைந்துபோன நிகழ்வுகள் 1998-இலும் 1999-இலும் பிரிட்டிஷ் எலும்பு மூட்டு அறுவை இதழில் பதிவாயின. ஒருசில நோயாளிகள், அதுவும் விபத்து. கரைசலாகப் போன மருந்தும் கூழ்மத்தில் பிணைந்த மின்னூட்டமும் ஒன்றல்ல. இருந்தும் குளோர்ஹெக்சிடினும் நேர்மின் மூலக்கூறுதான். வேறு திசுக்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் பொருள் இந்தத் திசுவை அழிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. இன்னொரு நேர்மின் பொருளான கைட்டோசானுக்கு வேறு சிக்கல்: அதன் அமீன் தொகுதிகள் கார அமில எண் 6.5-ஐத் தாண்டியதும் மின்னூட்டத்தைப் பெரிதும் இழக்கின்றன, நலமான மூட்டு நீரோ ஏறத்தாழ 7.4. அமிலக் கரைசலில் கண்ட கொல்திறனை மூட்டுக்குள்ளும் எதிர்பார்க்க முடியாது.

பாக்டீரியா எங்கே ஒட்டுகிறது என்ற கேள்வியும் பந்தய விளக்கத்தைத் தளர்த்துகிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் கொலாஜன் பற்றுப்புரதம் மூட்டழற்சிக்குக் காரணமாகும் திறனைக் கூட்டுகிறது என்று 1994-இல் எலிகளில் காட்டப்பட்டது. புரதமுள்ள வகை 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எலிகளில் நோயை உண்டாக்கியது. அது நீக்கப்பட்ட வகை 27 விழுக்காட்டுக்கும் குறைவான எலிகளில் மட்டுமே. அப்படியானால் தாங்குசட்டகத்தின் மேற்பரப்பைக் காப்பது போதாது. சீரமைக்கப்படும் பள்ளத்தின் விளிம்பில் கொலாஜன் வெளித்தெரிய நிற்கும் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பே கிருமிக்கு முதல் பிடிமானம்.

குருத்தெலும்புக்கான பாக்டீரியா எதிர்ப்புக் கூழ்மத்தின் வரலாறு எப்போது தொடங்கியது? பிராகில் விக்டர்லேயும் லிம்மும் நீர் உறிஞ்சும் கூழ்மங்களை மருத்துவத்துக்கு முன்மொழிந்தது 1960. ஹாம்பர்க்கில் புக்கோல்ஸும் எங்கல்பிரெக்ட்டும் எலும்புச் சிமென்ட்டில் ஜென்டாமைசின் கலந்ததை வெளியிட்டது 1970. கோத்தன்பர்க்கில் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து முழங்காலில் திரும்ப இட்ட முடிவுகள் வெளிவந்தது 1994. இந்த மூன்று ஓடைகளும் கலந்த ஆண்டாக 2007-ஐச் சொல்லும் ஆசை எழலாம். நான் அதை ஏற்கவில்லை. மேக்ஸ்1 பொதுவான திசுவுக்கானது. குருத்தெலும்பு அதன் தனிக் கேள்வி அல்ல. கலப்பு படிப்படியாக நடந்தது, ஓர் ஆண்டைச் சுட்டுவது பொருந்தாது.

ஆகவே, குருத்தெலும்புக்கென்று ஒரு பாக்டீரியா எதிர்ப்பு ஹைட்ரோஜெல்லை முன்வைப்பவர்களிடம் வாசகரும் மதிப்பீட்டாளரும் கேட்க வேண்டியது இது: கிருமி இறந்த அதே கூழ்மத்தில், அதே நாள்களில், உள்ளே கிடந்த குருத்தெலும்புச் செல்கள் சுரந்தது இரண்டாம் வகைக் கொலாஜனா, முதல் வகையா? இரண்டு அளவையும் ஒரே அட்டவணையில் காட்டாத ஆய்வை முடிந்த ஆய்வாகக் கொள்ளக் கூடாது.