குரல் நாணைக் கண்ட கதை



கழுத்தில் கத்தி பட்டால் குரல் போய்விடும் என்று அஞ்சி, கழலையை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிந்தவர்கள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. அந்த அச்சத்தை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

நம் குரல்வளைக்குள் இரண்டு நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது இரட்டைக் கதவு போல விலகுகின்றன. பேசும்போது நெருங்கி அதிர்கின்றன. இவற்றை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைக் கடந்து கீழே இறங்குகிறது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி மேலே ஏறுகிறது. இத்தனை தூரம் சுற்றி வரும் நூல் போன்ற நரம்பு, கடைசியில் தைராய்டு சுரப்பியின் முதுகை ஒட்டிச் செல்கிறது. கழலை வளர்வது அந்தச் சுரப்பியில்தான். அதை அறுத்தெடுக்கும் கை சிறிது பிசகினாலும் நரம்பு நைந்துபோகலாம்.

இந்த நரம்பைப் பற்றி 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர் காட்டியிருக்கிறார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் அந்த நரம்பைக் கட்டினார். பன்றியின் சத்தம் நின்றது. ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் குரல் நாண் அசைவதைத் தெளிவாகக் காண அதற்குப் பின் 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கண்டவரும் மருத்துவரல்லர், பாட்டு வாத்தியார்! ஸ்பெயின் நாட்டவரான மனுவேல் கார்சியா 1854ஆம் ஆண்டில் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, சூரிய ஒளியில் தம் நாண்களைத் தாமே பார்த்தார். குரலை விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு அதைப் பார்க்கும் ஆவல் முதலில் வந்ததில் வியப்பில்லை. அவர் 101 வயது வரை வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் கழலை அறுவையில் குரல் மட்டுமல்ல, பலருக்கு உயிரே போயிற்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர், ஒவ்வோர் இரத்தக் குழாயாகப் பிடித்துக் கட்டிப் பொறுமையாக அறுத்தார். சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உயிர் பிழைத்தபின்தானே குரலைப் பற்றி நினைக்க முடியும்? 1938இல் பாஸ்டன் நகரத்து ஃபிராங்க் லேகி, நரம்பைத் தொடாமல் ஒதுங்கிப் போவதைவிட அதைத் தேடிக் கண்ணால் கண்டு காப்பாற்றுவதே நல்லது என்று வற்புறுத்தினார்.

அறுவைக்குப் பின் நாண் அசைகிறதா என்று பார்ப்பது எப்படி? நெடுங்காலம் கார்சியாவின் கண்ணாடிதான். அது தொண்டையைத் தொட்டதும் பலருக்குக் குமட்டிவிடும். 1968இல் ஜப்பானிய மருத்துவர்கள், வளையும் கண்ணாடி இழைகளால் ஆன மெல்லிய குழலை மூக்கு வழியே செலுத்திப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். அதே 1968இல்தான் நம் பக்கத்தில் பல்கலைக்கழக மருத்துவமனை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் 1950களில் எழுந்த பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டி, லெம்பா பந்தாயில் அது நிற்கிறது. தோட்டத்து டிரசர் கொடுக்கும் மருந்தோடு நின்றுபோன பல நோய்களுக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் மேலும் ஒரு பெரிய வாசல் திறந்தது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். நம் பெண்கள் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்களே, அதே கருவிதான். காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்குகிறது. ஸ்காட்லாந்தில் ஐயன் டோனல்ட் என்ற மருத்துவர் 1955இல் பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்குப் போய், இரும்பில் விரிசல் தேடும் கருவியை, அறுத்தெடுத்த கட்டிகளின்மேல் வைத்துப் பார்த்தார். 1958இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஒலி காற்றைத் தாண்டாது. குரல்வளையோ காற்று நிறைந்த இடம். அதனாலேயே நெடுங்காலம் இந்தப் பக்கம் அதிகம் பேர் திரும்பவில்லை. ஆயினும் முன்னிருக்கும் குருத்தெலும்பின் வழியே நாண்கள் தெரியும். ஹாங்காங் அறுவை மருத்துவர்கள் 204 பேரைத் தைராய்டு அறுவைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனாலும், மூக்கு வழிக் குழலாலும் சோதித்து 2013இல் எழுதினார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்து நின்றன. 2020இல் கொரோனா பரவியபோது, மூக்கில் குழல் விட்டால் நோயாளி இருமுவாரே என்ற அச்சத்தால் இந்த முறைக்கு மதிப்புக் கூடியது.

சோதனை மிக எளிது. மல்லாந்து படுத்துக் கழுத்தில் பசை தடவிக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, 'ஈ' என்று சொன்னால் போதும். இரண்டு நாண்களும் சேர்ந்து அசைந்தால் நல்லது. ஒன்று மட்டும் அசையாமல் கிடந்தால் அந்தப் பக்க நரம்பைக் கவனிக்க வேண்டும்.

குரலைக் கேட்டே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஒரு நாண் அசையாமலே நன்றாகப் பேசுவோர் உண்டு. மயக்கத்தின்போது தொண்டையில் வைத்த குழாயால், நரம்புக்குக் கேடில்லாமலே குரல் கம்முவதும் உண்டு. நைந்த நரம்பு பல சமயம் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். தேறாதவர்களுக்குக் குரல் பயிற்சியும், நாணை நடுவே தள்ளி வைக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. எனவே அறுவைக்கு முன்பும் பின்பும், "என் குரல் நாணைப் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வயதான ஆண்களுக்குக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறிக் கெட்டியாகிவிடுவதால் ஸ்கேனில் படம் மங்கும். கருவி பெரிய மருத்துவமனைகளில் எல்லாம் உண்டு. நாணைப் பார்த்துப் பழகிய கை எல்லா இடத்திலும் கிடைக்காது. அப்போது மூக்கு வழிக் குழலே வழி. இரண்டு நாண்களும் செயலிழந்தால் குரலைவிட மூச்சுக்குத்தான் ஆபத்து. அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு மூச்சிழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.