சுவரில் மாட்டிய கதைகள்



பழைய கதைப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, பிரேம் போட்டு ஹாலில் மாட்டுவது இப்போது பரவி வருகிறது. வேதாளத்தைச் சுமக்கும் விக்கிரமாதித்தன், அன்னத்தோடு பேசும் தமயந்தி என்று விதவிதமாகக் கிடைக்கின்றன. இது ஏதோ வெளிநாட்டு நாகரிகம் என்று சிலர் நினைக்கிறீர்கள். இல்லை கண்ணுகளா, நம் வீடுகளில் இந்தப் பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

அதற்கு முன் கதைப் படம் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். நம் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் ராமாயண, பாரதக் காட்சிகளை இன்றும் காணலாம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் கோயிலுக்குள் போய்விட முடியாது. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டமே 1947இல்தான் வந்தது. உள்ளே விடப்படாதவர்களுக்கு அந்தப் படங்களும் இல்லை.

இந்த நிலையை மாற்றியது அச்சு. கிளிமானூர் ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் படத்தை வரைந்து, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். நிறம் சிறிது விலகினாலும் முகம் கெட்டுவிடும். பிறகு அச்சகம் லோனாவ்லா பக்கம் போனது, கைமாறியும் போனது. ஆனால் அரண்மனையில் தொங்கிய சகுந்தலையும் தமயந்தியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டார்கள். காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். சாதி கேட்கும் வாசல் எதுவும் அந்தத் தாளுக்கு இல்லை.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் சிவகாசிக் காலண்டர்கள் தொடர்ந்தன. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிவந்த கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்த படங்கள்தான் வீட்டுக்கு வீடு போயின. மேடைத் திரையின் ஆழமும் பளிச்சென்ற நிறமும் காலண்டருக்குள் வந்தது இப்படித்தான்.

அடுத்து நம் அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை. வேதாளக் கதையின் மூலம் 25 கதைகள்தான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அவை இருக்கின்றன. அம்புலிமாமாவோ அவை தீர்ந்த பிறகும் நூற்றுக்கணக்கில் புதுக் கதைகள் எழுதிச் சேர்த்தது. கதை மாதாமாதம் மாறும், படம் மாறாது. உருவிய வாள், தோளில் பிணம், இருண்ட சுடுகாடு. கதையை மறந்தவர்களுக்கும் அந்தப் படம் மறக்காது.

அதை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 1924இல் ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஏறக்குறைய 60 ஆண்டுகள் வரைந்தார். 2020இல் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அதற்கடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

பென்னாகரம் பக்கம் நான் வேலை பார்த்தபோது, பழைய அம்புலிமாமா படங்களை அட்டையில் ஒட்டித் துணைக்கருவியாக வைத்திருந்தேன். படத்தைக் காட்டினால் போதும், வாயே திறக்காத பிள்ளையும் கதை சொல்லும். ஒரு பையன் கேட்டான்: "சார், இத எழுதுனது யாரு?" அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையின் கீழும் 'ஓவியம்: சங்கர்', 'ஓவியம்: சித்ரா' என்று எழுதி வைத்தேன். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் வாங்கும் படங்களில் வரைந்தவர் பெயர் இருக்கிறதா? பெரிதாக்கும்போது ஓரத்தை வெட்டினால் முதலில் போவது அந்தச் சின்னக் கையெழுத்துதான்.

இன்னொன்று. ஊரில் ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுகிறோம், நல்லதுதான். பழைய படங்களைக் கண்ணாடியோடு இரும்புக் கடைக்குப் போடும் முன், பிரேமைக் கழற்றி அடி விளிம்பைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரோ ஓவியர் பெயரோ இருக்கலாம். செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். அந்தப் படம் யார் காலத்தில், எந்தச் சந்தையில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்.

கிடைத்ததை எனக்கும் அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்