கட்டைக்கூத்தில் போர்க் காட்சி

கட்டைக்கூத்தில் போர்க் காட்சி என்பது, வட தமிழகத்தின் இரவு நேர நாடக வடிவமான கட்டைக்கூத்தில் (தெருக்கூத்து எனவும் அழைக்கப்படும்) இரு பாத்திரங்கள் ஆயுதம் ஏந்தி மோதும் பகுதியைக் குறிக்கும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களில் இக்கூத்து பெரும்பாலும் மகாபாரதக் கதைகளைக் கொண்டே நடத்தப்படுகின்றது. பாரதக் கதை போரில் முடிவது எனினும், கூத்துக் களத்தில் ஆயுதம் வீசப்படும் நேரம் மிகக் குறைவு. இரவின் பெரும்பகுதி பாட்டிலும் தர்க்கத்திலுமே கழியும். கதைக்கு எவ்வளவு இடம், சண்டைக்கு எவ்வளவு இடம் என்று தொலைக்காட்சித் தொழில்முறை மல்யுத்தத்தின் இரசிகர்களிடையே எழும் கேள்வி, இக்கலையிலும் எழுவதுண்டு.

பெயரும் ஒப்பனையும்

அரசரும் வீரரும் அணியும் மரத்தாலான அணிகலன்களே "கட்டை" எனப்படுகின்றன. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவை இவற்றுள் அடங்கும். கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்ட இவ்வணிகள் விளக்கொளியில் மின்னி நடிகரின் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. துரியோதனன், கர்ணன், வீமன், அருச்சுனன் முதலியோர் கட்டை வேடங்கள். இவ்வளவையும் அணிந்த நடிகர் தரையில் புரண்டு மல்லுக்கட்ட இயலாது. எனவே போரை உடற்பிடியாக அன்றி, சுழன்றாடும் அடவுகளாகவும் பாட்டாகவும் அமைக்க வேண்டியதாகின்றது. ஒப்பனையே சண்டையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது எனலாம்.

போர் நடைபெறும் முறை

வீரன் முதலில் திரைக்குப் பின் நின்று விருத்தம் பாடித் தன்னை அறிமுகம் செய்துகொள்வான். திரை விலகியபின் ஆட்டத்துடன் களத்தைச் சுற்றி வருவான். எதிரி வந்ததும் இருவருக்குமிடையே தர்க்கம் தொடங்கும். ஒருவர் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாட, மற்றவர் அதற்கு எதிரடி பாடுவார். பிறப்பு, செய்த தீங்கு, உரைத்த சபதம் என ஒவ்வொன்றாக எடுத்து வீசப்படும். மிருதங்கம், தோலக்கு, முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை விரைவு கூட்டும்போது இருவரும் எதிரெதிராகச் சுழன்று ஆயுதங்களை ஓங்குவர். அடி உடலில் படுவதில்லை. ஓங்கிய கை நிற்குமிடத்தில் மத்தள அடி விழும், பார்ப்போருக்கு அதுவே போதுமானது.

கர்ண மோட்சம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்ணன் களத்துக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியும், அவனது பிறப்பைப் பற்றி அவள் கொண்டிருந்த இகழ்ச்சி கரையும் இடமும் விரிவாகப் பாடப்படும். அருச்சுனனுடன் நடக்கும் போரோ சிறிது நேரமே. அதன்பின் அந்தணர் வடிவில் வந்து கண்ணன் புண்ணியத்தை யாசிக்கும் பகுதி மீண்டும் நீளும். சண்டைக் கூத்து என்று எண்ணி வருபவர் ஏமாற்றமடையலாம், ஆயினும் விடியும் வரை ஊர் மக்கள் எழாமல் அமர்ந்திருப்பது இந்தப் பிரிவுக் காட்சிகளுக்காகவே.

கட்டியக்காரன்

அரசர்களின் வரவை அறிவிப்பவனும் அவர்களைக் கேலி செய்பவனும் கட்டியக்காரனே. செய்யுள் நடையில் பாடப்பட்டதை அவன் அன்றாடப் பேச்சில் திருப்பிச் சொல்கின்றான், உள்ளூர்ச் செய்திகளையும் இடையில் சேர்த்துக்கொள்கின்றான். மல்யுத்த ஒளிபரப்பில் வருணனையாளர் செய்யும் பணியை இது ஒத்தது. ஆனால் கட்டியக்காரன் களத்துக்குள்ளேயே நிற்பவன், அரசனிடம் அடியும் வாங்குபவன்.

பதினெட்டாம் போரும் படுகளமும்

திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவில் கதையும் போரும் தனித்தனிப் பொழுதுகளில் இடம்பெறுகின்றன. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுள்களைப் பாடி விளக்கவுரை சொல்வார். இரவில் அக்கதை கூத்தாகும். அருச்சுனன் தபசு, படுகளம் போன்ற சில நிகழ்ச்சிகள் பகலில் திறந்த வெளியிலேயே நிகழும்.

விழாவின் இறுதிக் கூத்தான பதினெட்டாம் போரில் துரியோதனனே முதன்மைப் பாத்திரம். தம்பியரையும் நண்பனையும் இழந்து தனித்து நிற்கும் அரசனாக அவன் இரவு முழுவதும் பாடுவான். பொழுது விடிந்தபின் நடிகர்கள் கூத்துக் களத்தை விட்டு வெளியேறிப் படுகளத்துக்குச் செல்வர். அங்கே துரியோதனனின் உருவம் மண்ணால் பல அடி நீளத்தில் மல்லாந்த நிலையில் செய்து வைக்கப்பட்டிருக்கும். வீமனும் துரியோதனனும் அதனைச் சுற்றி ஓடிப் போரிடுவர். கண்ணன் தொடையைத் தட்டிக் குறிப்புக் காட்ட, வீமன் மண் உருவத்தின் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்து வைத்த கலத்திலிருந்து செந்நிற நீர் வெளிப்படும். சூதாட்ட மண்டபத்தில் அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி அந்நீரைப் பூசி முடிந்துகொள்வாள். சில ஊர்களில் துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி பாடுவாள். அப்பொழுது, சற்றுமுன் வீமனுக்காக ஆரவாரித்த பெண்களே கண்ணீர் விடுவதைக் காணலாம். அன்று மாலை தீமிதி நடைபெறும்.

இந்த ஓர் அடிக்குரிய வலிமை அடியில் இல்லை. துகிலுரிதல் கூத்து நடந்த இரவில் கூறப்பட்ட சபதத்தை ஊர் முழுவதும் பல நாட்கள் சுமந்து வந்திருக்கின்றது. துகிலுரிதலிலும் படுகளத்திலும் நடிகருக்கோ பார்ப்பவருக்கோ ஆவேசம் வருவதுண்டு. அவ்வேளையில் உடனிருப்போர் பிடித்து அமைதிப்படுத்துவர்.

தொழில்முறை மல்யுத்தத்துடன் ஒப்பீடு

தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுபவை. 1989-ல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநில மேலவையில், இது உண்மையான போட்டியன்று, பொழுதுபோக்கே என்பதை அன்றைய உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் தரப்பே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையிலிருந்தும் கட்டணத்திலிருந்தும் விலகுவதே அதன் நோக்கம். அதற்கு முன்பே, 1957-ல் வெளியான தமது கட்டுரைத் தொகுப்பில், பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்ட் பார்த் மல்யுத்தம் விளையாட்டன்று, பண்டைய நாடகத்தைப் போன்ற ஒரு காட்சி என்று வாதிட்டார்.

ஒப்புமை ஓரளவே பொருந்தும். மல்யுத்த வீரர் உண்மையாகவே கீழே விழுந்து வலியைத் தாங்குகின்றார், முடிவை மட்டும் பார்வையாளர் அறியார். கூத்தில் முடிவு எல்லாருக்கும் தெரியும், அடியோ விழுவதேயில்லை. மல்யுத்தத்தில் வீரர் ஒலிவாங்கியைப் பிடித்து எதிரியை அறைகூவும் பேச்சு, கூத்தின் தர்க்கத்துக்கு மிக அண்மையில் நிற்கின்றது. அப்பேச்சு நீண்டால் சண்டையைக் காணவில்லையே என்று குறைகூறும் இரசிகர் அங்குண்டு. கூத்திலோ பாட்டைக் குறைத்தால்தான் மூத்த பார்வையாளர் குறைகூறுவர்.

காஞ்சிபுரத்தில்

காஞ்சிபுரம் பாண்டவதூதப் பெருமாள் கோயில் (திருப்பாடகம்) பாரதப் போருக்கு முந்தைய தூதுக் கதையுடன் தொடர்புடையது. தூது வந்த கண்ணனுக்குத் துரியோதனன் பொய்யாசனம் இட்டு, அதன்கீழ் நிலவறையில் மல்லர்களை மறைத்து வைத்தான் என்றும், கண்ணன் பேருருக் கொண்டு அவர்களை அழித்தான் என்றும் தலவரலாறு கூறும். அமர்ந்த திருக்கோலத்தில் சுமார் 25 அடி உயரமுள்ள மூலவர் அந்நிகழ்ச்சியைக் குறிப்பதாகக் கருதப்படுகின்றது. கிருஷ்ணன் தூது கூத்தாகவும் ஆடப்படுகின்றது.

கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் முயற்சியால் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிக் கல்வியுடன் கூத்துப் பயிற்சியும் அளித்தது. முன்பு ஆண்களே எல்லா வேடங்களையும் ஏற்றுவந்த இக்கலையில், இங்கு பெண் பிள்ளைகளும் கட்டை வேடம் பயின்றனர்.

நகர அரங்குகளுக்காக ஓரிரவுக் கூத்து ஓரிரு மணி நேரமாகச் சுருக்கப்படும்போது, முதலில் வெட்டுப்படுவது தர்க்கப் பாடல்களும் விடைபெறும் காட்சிகளுமே. வேடத்தின் வரவாட்டமும் போர்ச் சுழற்சியும் மொழி அறியாதவரையும் கவரும் என்பதால் தங்கிவிடுகின்றன. ஊர் விழாக்களில் பதினெட்டாம் போர் இன்றும் விடியும் வரை நடைபெறுகின்றது, படுகளம் பகலில்தான் நிகழவேண்டும் என்பதால் அதை முன்னதாக முடிக்கவும் இயலாது.