சாட்சியாக நிற்கும் எதிர்ப்பொருள்

1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பேரிங் என்பாரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், இரண ஜன்னிக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற முயலின் சீரத்தை, அதாவது இரத்தத் தெளிநீரை, எலிகளுக்குச் செலுத்தினர், எலிகள் பிழைத்தன. அவர்கள் அம்மட்டில் நிற்கவில்லை. எதிர்ப்பாற்றல் பெறாத விலங்குகளின் இரத்தத்தையும் சோதித்து, அதற்கு நஞ்சை முறிக்கும் தன்மை இல்லையெனக் காட்டினர். இந்தச் சோதனை இல்லையேல் முன்னையதை யார் நம்பியிருப்பர்?

பின்னாளில் இவ்வையம் நுட்பமாயிற்று. எதிர்ப்பொருளின் வடிவை ஆங்கில ‘ஒய்’ எழுத்துக்கு ஒப்பிடுவர். இரு கைகளின் நுனிகள் இலக்கைப் பற்றும். தண்டோ, இலக்கு எதுவாயினும், வெள்ளணுக்கள் சிலவற்றில் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருள் செலுத்திய எலியின் கட்டி சுருங்குமாயின், அது கைகளின் வேலையா, தண்டின் வேலையா? இதனை அறியவே, அதே வகைத் தண்டும், அவ்வுடலில் இலக்கில்லாத கைகளும் உடைய வேறோர் எதிர்ப்பொருளை மற்றோர் எலிக்கு அதே அளவில் செலுத்துகின்றனர். அதுவே ‘ஐசோடைப்’ ஒப்பீட்டு எதிர்ப்பொருள்.

இவற்றுள் நாம் குறிப்பிடத்தக்கது எம்.ஓ.பி.சி.-21. கனிம எண்ணெய் செலுத்தப்பட்ட எலியில் தோன்றிய புற்றுக்கட்டி தந்தது அது. எண்ணெயின் நினைவு பெயரிலேயே உண்டு. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே எதிர்ப்பொருளை இடையறாது சுரக்கும் கலப்பு உயிரணுக்களை உண்டாக்கியபோது கையாண்ட புற்று உயிரணுவும் இக்கால்வழியினதே. இதன் எதிர்ப்பொருள் எதனைப் பற்றுமென அறியப்படவில்லை. அக்குறையே அதனை ஒப்பீட்டுக்கு உரியதாக்கிற்று.

வகை ஒத்தால் மட்டும் போதாது. இரண்டில் ஒன்றில் மட்டும் பாக்டீரிய நஞ்சு சிறிது கலந்திருந்தாலும் ஒப்பீடு பொய்த்துவிடும்.