மேற்கே சென்ற ஸ்கடர் குடும்பம்

வேப்பம்பட்டு ஊரைத் தொட்டு மேற்கே ஓடும் இருப்புப்பாதை, 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்படுவதற்கு முன், இத்திசையில் ஆர்க்காட்டுக்கு மாட்டு வண்டியில் பிரயாணம் செய்தோருள் அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் குடும்பத்தாரும் இருந்தனர்.

1819-இல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் வேத ஊழியமும் ஒருங்கே நடத்திய ஜான் ஸ்கடரும் மனைவி ஹாரியட்டும், 1836-இல் சென்னைக்கு வந்து, நோயாளிகளுக்குச் சிகிச்சையும் வந்தவர் கையில் துண்டுப்பிரசுரமுமாக வாழ்ந்து, தம் புத்திரர்களும் அதே பணிக்குத் திரும்பி வரக் கண்டனர். பெற்றோரின் ஊழியமே பிள்ளைகளைப் பக்கத்தில் சேர்த்தது என்பதே இச்சரித்திரத்தில் என் நெஞ்சைத் தொடும் பகுதி. ஹாரியட் 1849-இல் சென்னையில் காலமானார். மைந்தர்கள் 1853-இல் ஆர்க்காட்டு மிஷனை முறையாக அமைத்தனர். தந்தை 1855-இல் நன்னம்பிக்கை முனையில் மறைந்தார்.

1900-இல் வேலூர் பங்களாவின் ஓர் அறையில் வைத்தியம் தொடங்கிய, ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடாவுக்கு, அவ்வாண்டே கணவரை இழந்த தாய் சோபியா, தாயகம் திரும்பாமல், 1925-இல் மரிக்கும்வரை துணையாயிருந்தார்.